மூப்பர் பறித்த இளநீர்

லெயாமுனி சபையில் டொமிங்குஸ் தஹலேலே மூப்பருக்குத் தெரியாமல் ஒரு கொசுகூட ஆராதனைக்குள் நுழைய முடியாது. கோபுரக் கமிட்டி, புல்லாங்குழல் குழு, கல்லறைக் கமிட்டி, விருந்து உபசரிப்புக் கமிட்டி, இந்தக் கமிட்டிகளெல்லாம் ஒழுங்காகக் கூடுகின்றனவா என்று பார்க்கிற கமிட்டி என்று அவருக்குப் பதினோரு பொறுப்பு. சபருவா தீவு முழுக்க வழித்துப் போட்டாலும் அத்தனை வேலை தேறாது. மூப்பர் தேடிக் கண்டுபிடித்து வைத்திருந்தார். அவர் சபையில் ஜெபிக்க எழுந்தால் தாய்மார்கள் பிள்ளைக்குப் பால் கொடுத்து, தூங்கவைத்து, எழுப்பியும் விடலாம். ஒருமுறை அவர் ஆமென் சொல்வதற்குள் கடல் வற்றி, கரையில் கட்டியிருந்த ஆறு படகுகள் தரைதட்டிவிட்டன. போதகர் அம்மாள் ஆதிரியானா அன்று பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டார்.

வீட்டுக்குள் கதை வேறு. எல்லார் வீட்டையும் போலப் படுக்கையறை மூலையில் ஒரு சின்ன மேசையும், அதன்மேல் வெள்ளைத் தட்டும் இருந்தன. ஞாயிற்றுக் காணிக்கையை அதில் வைத்து, புருஷனும் பெண்சாதியும் முட்டி போட்டு, மனசில் கிடப்பதை ஆண்டவரிடம் சொல்லிவிட்டுத்தான் கோயிலுக்குக் கிளம்பவேண்டும். மூப்பர் அந்த மேசையைத் தாண்டும்போது, முன்பே பழக்கமுள்ள போலீஸ்காரரைத் தெருவில் கண்டவர்போல் லேசாகத் தலையசைப்பார். அத்தோடு சரி. முட்டி போடுவது அவர் மனைவி யாகோமினா மட்டும்தான்.

"ஏங்க, ரெண்டு நிமிஷம் குனிஞ்சா கொறைஞ்சா போயிருவீங்க?"

"கோபுரத்துக்குத் தகரம் ஏத்துறாங்கடி. நான் இல்லன்னா தலைகீழா அடிச்சிருவானுங்க. ஆண்டவர் வேலைக்குத்தானே ஓடுறேன்?"

"வேலைக்கு ஓடுறீங்க. எசமானைத்தான் வழியில கண்டா யாருன்னு கேப்பீங்க."

மூப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டார்.

அந்த வருஷம் ஆனி மாத மழையில் அவர் தோப்புத் தேங்காய்கள் குறைந்துகொண்டே வந்தன. காற்றில் விழுந்ததில் பாதி கடலுக்குப் போயிருக்கும். மூப்பருக்கோ வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் மச்சான் பெலிப்புஸ் மேல்தான் கண். பெலிப்புஸ் யாகோமினாவின் தம்பி, வலை இழுத்துப் பிழைக்கிறவன், ஏழெட்டுப் பிள்ளை. 'அத்தனை வாய்க்கும் தேங்காய் எங்கிருந்து வருகிறதாம்?' என்று மூப்பர் கேட்டார். மச்சானிடம் போய்க் கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும். அவர் சபையிடம் கேட்டார். தோப்பைச் 'சாசி'யில் வைக்கவேண்டும் என்று மனுக் கொடுத்தார்.

சாசி வைத்தால் அதற்குமேல் பேச்சில்லை. ஞாயிறு ஆராதனையில் போதகர் ஜெபம்பண்ணி, நாலு மூலை மரத்திலும் குருத்தோலைப் பின்னலில் சிவப்புத் துணி முடிந்து கட்டிவிடுவார். அதன்பிறகு அந்தத் தோப்பு ஆண்டவர் கையில். போதகர் மறுபடி ஜெபம்பண்ணித் திறக்கும்வரை கள்ளனும் தொடக்கூடாது, சொந்தக்காரனும் தொடக்கூடாது. தொட்டவனுக்கு என்னென்ன ஆகும் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை உண்டு. சாசித் தேங்காய் ஒன்றைத் தின்றவனுக்கு மூன்று வாரம் விக்கல் நிற்கவில்லையாம். அந்தச் சத்தத்துக்குப் பயந்து மீன்களெல்லாம் செராம் தீவுப் பக்கம் போய்விட்டனவாம்.

அன்று மூப்பர் ஒலிபெருக்கியைக் கையில் வாங்கி, "ஒரு குரும்பையைக்கூட ஒருத்தரும் தொடக்கூடாது, சகோதரரே!" என்று சொல்லி, பெலிப்புஸ் உட்கார்ந்திருந்த பெஞ்சை ஒரு பார்வை பார்த்தார். சபையே அந்தப் பெஞ்சைப் பார்த்தது. பெலிப்புஸ் தன் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தான். யாகோமினா தரையைப் பார்த்தாள்.

அக்டோபர் வந்தது. கிராம்பு முற்றிய நேரம். ஊர் முழுக்கப் பாய் விரித்துக் கிராம்பு காய்ந்தது. வீட்டு முற்றம், ரோடு, பள்ளிக்கூட வாசல் என்று மனிதன் கால்வைக்க இடமில்லை. கோழிகள்கூடப் பாய்க்குப் பாய் தாண்டித்தான் போய்வந்தன. அந்த வாசத்துக்கு எதிர்க் கடலில் போகிற கப்பல்காரனும் தும்முவான். ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து. அதற்குள் எல்லா வீட்டுக்கும் மூப்பர்கள் போய், "வீட்டுக்குள்ளயோ வெளியிலயோ யார்கூடயாவது மனத்தாங்கல் உண்டா?" என்று கேட்டு எழுதவேண்டும். மனத்தாங்கலை வைத்துக்கொண்டு எவரும் அப்பத்தில் கைவைக்கக்கூடாது.

இதற்கு நடுவில்தான் புதன்கிழமை அம்போன் நகரத்திலிருந்து பெரிய போதகரும் பரிவாரமும் படகில் வந்து இறங்கப்போவதாகச் சேதி வந்தது. உபசரிப்புக் கமிட்டித் தலைவர் யார்? நம் மூப்பர்தான். பன்னிரண்டு விருந்தாளி, உள்ளூர்க் கமிட்டி எட்டுப் பேர். எல்லாருக்கும் இளநீர் வேண்டும். படகு முனையைத் திரும்பிவிட்டது என்று தெருவில் யாரோ கத்தினார்கள்.

மூப்பர் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு அண்டையில் இருந்த மரத்துக்கு ஓடினார். அவருடைய தொப்பை ஒரு பக்கமாகவும் அவர் ஒரு பக்கமாகவும்தான் மரம் ஏறவேண்டும். இருந்தும் ஏறினார். ஏறும்போதே வரவேற்புரையைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "மாண்புமிகு பெரிய போதகர் அவர்களே…" மரத்தில் வெட்டியிருந்த ஒரு கொத்தில் கால். "எங்கள் சிறிய ஊரின் பெரிய அன்பை…" அடுத்த கொத்தில் கால். நெஞ்சு உயரத்தில் என்னவோ ஓலைப் பின்னல் கைக்குத் தடையாக இருந்தது. 'எவன் இதைக் கட்டித் தொலைத்தான்' என்று ஒரே வெட்டு. பின்னல் கீழே விழுந்தது. மேலே போய் உரையின் மூன்றாம் பத்தியையும் இரண்டு குலை இளநீரையும் ஒரே நேரத்தில் முடித்துக்கொண்டு இறங்கினார். கீழே கிடந்த ஓலையைக் குப்பையென்று வாரி, அடுப்படி விறகுமேல் எறிந்துவிட்டு ஓடினார்.

வரவேற்பு அமோகம். இருபது பேரும் உறிஞ்சும் சத்தத்தில் புல்லாங்குழல் குழுவின் வாசிப்பே அடங்கிப்போயிற்று. போதகர் ஆதிரியானா அம்மாள் வெயிலில் நின்று களைத்தவர். இரண்டு இளநீர் குடித்தார். பெரிய போதகர் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"என்ன ருசி! மூப்பரே, ஒரு விஷயம் கேள்விப்பட்டு ரொம்ப சந்தோஷப்பட்டேன். மத்த ஊர்ல எல்லாம் சாசியை மதிக்கிறதே இல்ல. உங்க ஊர்ல இன்னும் பயபக்தியா காக்குறீங்களாமே? இப்போ யாரு தோப்பு சாசியில இருக்கு?"

மூப்பர் மார்பை நிமிர்த்தினார். "என் தோப்புதான் ஐ…"

'ஐயா'வின் பாதி தொண்டையில் நின்றுவிட்டது. அவர் கையில் இருந்த இளநீர் கல்லாகக் கனத்தது. காது இரண்டும் அடுப்பில் வைத்த கரண்டிபோல் சுட்டன. சுற்றிலும் இருபது பேர் ஆண்டவருடைய இளநீரைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

"நல்ல காரியம், நல்ல காரியம்," என்றார் பெரிய போதகர். "இந்த இளநீரும் உங்க தோப்புதானா?"

"ஐயோ, இல்லீங்க! இது… பக்கத்து ஊர்ல இருந்து…"

பதினோரு பொறுப்புள்ள வாயிலிருந்து அந்தப் பொய் வழுக்கிக்கொண்டு வந்தது. இவ்வளவு சுலபமாக வரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

விருந்தாளிகள் அன்று சாயங்காலமே கிளம்பிப் போனார்கள். மறுநாள் காலையில் கிராம்பு புரட்ட வந்த பெண்கள் மூலை மரத்தில் பின்னல் இல்லாததைக் கண்டார்கள். அதே காலையில் பெலிப்புஸைக் கடற்கரையிலிருந்து இரண்டு பேர் தாங்கிக் கொண்டுவந்தார்கள். வலை இழுக்க இறங்கினவன், கல்லோடு கல்லாகக் கிடக்கும் முள்மீனை மிதித்துவிட்டான். கால் பலாப்பழமாக வீங்கியிருந்தது. ஊருக்கு வேறு சாட்சி எதற்கு?

"யாகோமினா அக்கா, சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க," என்றாள் கிராம்புப் பாயின் அந்த முனையில் குந்தியிருந்த பத்சேபா. "கால் சும்மா வீங்குமா?"

"முள்மீனு குத்துச்சு."

"முள்மீனு எத்தனையோ பேரு காலடியில கிடக்கு. இவரு காலைத் தேடிப்பிடிச்சுக் குத்துதுன்னா?"

"ஏன், முள்மீனு உன்கிட்ட வந்து விலாசம் கேட்டுச்சாக்கும்?"

யாகோமினா வாயால் ஜெயித்தாள். அவள் தம்பியை அவளுக்குத் தெரியும். தெரிந்தும், அந்தக் காலைப் பார்த்தபோது ஒரு கணம் சந்தேகப்பட்டாள். அந்த ஒரு கணம் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

மத்தியானம் சாகோப் பனைமாவுக் கூழ் கிண்டினாள். கொதிநீரை ஊற்றிக் கிண்டக் கிண்ட, வெள்ளை மாவு கண்ணாடியாகித் திரண்டது. மஞ்சள் போட்ட மீன்குழம்பு பக்கத்து அடுப்பில். விறகு தள்ளக் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

மூப்பர் மேசையில் உட்கார்ந்து இரண்டு குச்சியால் கூழைச் சுருட்டிச் சுருட்டித் தட்டில் விட்டுக்கொண்டிருந்தார். நேற்றிலிருந்து எதுவும் உள்ளே இறங்கவில்லை. கூழ் வாயில் போட்டதும் தானே வழுக்கிப் போகிற சாப்பாடு; அதைக்கூட அவர் வாய்வரை கொண்டுபோகவில்லை.

யாகோமினா வந்து, தட்டுக்குப் பக்கத்தில் அந்தக் குருத்தோலைப் பின்னலை வைத்தாள். சிவப்புத் துணி முடிச்சு அவிழாமல் இருந்தது.

"மூப்பரே, இது எந்தக் கமிட்டி?"

மூப்பர் பின்னலைத் தட்டுக்கு அடியில் தள்ளப் பார்த்தார்.

"என் தம்பி அறுத்து, நம்ம அடுப்படியில கொண்டுவந்து ஒளிச்சு வச்சானோ?"

"யாகோமி, நான் வேணும்னு செய்யலடி. உரையை யோசிச்சிக்கிட்டே ஏறிட்டேன். ஆண்டவர் சத்தியமா கவனமே இல்ல. கோயில் காரியத்துக்குத்தானே பறிச்சேன்?"

"கோயிலுக்குப் பறிச்சீங்க, சரி. பொய் சொன்னது எந்தக் கோயிலுக்கு? இப்ப என் தம்பி மேல ஊரே கைநீட்டுது, வாயைத் தைச்சிக்கிட்டு இருக்கீங்களே, அது எந்தக் கோயிலுக்கு?"

"சொன்னா என் பேரு என்ன ஆகும்? ஊரைக் கூட்டி நான்தான் சாசி கேட்டேன். நானே ஒடைச்சேன்னா… சின்னப் பிள்ளைங்ககூடச் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். பாவம், நம்ம ஊர்ல சிரிக்கிறதுக்கு வேற என்ன இருக்கு." கூழ்ப்பானையை மூடினாள். "சனிக்கிழமை அவன் வீட்டுக்கு மனத்தாங்கல் கேக்கப் போற மூப்பர் யாரு?"

அவன் வீடு மூப்பருடைய வட்டத்தில்தான் இருந்தது. அவர்தான் போகவேண்டும்.

வெள்ளிக்கிழமை மூப்பர் எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை. தலைவலி என்று சொல்லியனுப்பினார். அந்த ஒரு நாளில் கோபுரத் தகரம் நேராகவே அடிக்கப்பட்டுவிட்டது என்று கேள்விப்பட்டதும் தலைவலி நிஜமாகவே வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் யாகோமினா கிராம்புப் பாய்க்குப் போன நேரத்தில், அவர் படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்தச் சின்ன மேசைக்கு முன்னால் முட்டி போட்டார். முட்டி இரண்டும் பழைய படகுபோல் கிறீச்சிட்டன. கண்ணை மூடினார். வாயைத் திறந்தார்.

"சர்வவல்லமையுள்ள எங்கள் பரம பிதாவே, இந்த நல்ல வேளையிலே கூடிவந்திருக்கிற…"

யார் கூடிவந்திருக்கிறார்கள்? ஒருத்தரும் இல்லை. ஒரு பல்லி மட்டும் சுவரில் இருந்தது. அதுவும் போய்விட்டது.

மறுபடி ஆரம்பித்தார். "எங்கள் சபையின் தேவைகளை நீர் அறிந்திருக்கிறீர்…" அதற்குமேல் நகரவில்லை. வாயில் வருவதெல்லாம் மைக்குக்கு முன்னால் நின்று சொன்ன வாசகங்கள். ஆள் இல்லாத இடத்தில் கடைசியாக எப்போது ஜெபித்தோம் என்று யோசித்தார். வாடைக்காற்றில் படகு இஞ்சின் நின்றுபோய் நடுக்கடலில் தனியாகக் கிடந்த அன்று. பன்னிரண்டு வருஷம் இருக்கும். அன்றைக்குக்கூட, இஞ்சின் பிடித்ததும் ஆமென் சொல்லாமல் விட்டுவிட்டார்.

இளநீருக்காக வந்த வெட்கம் இதற்குமுன் ஒன்றுமில்லை. இது வேறு. ஒருவர் வீட்டுக்கு முப்பது வருஷமாக வேலைக்குப் போய், வாசலைப் பெருக்கி, கூரை வேய்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி போட்டுவிட்டு, வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை பேசினதில்லை என்று திடீரென்று தெரிந்துபோன வெட்கம். யாரும் பார்க்கவில்லை. இருந்தும் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

சாயங்காலம் மூப்பர் குறிப்புப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேலியைச் சுற்றிப் போனார். வேலி தாண்டினால் பத்தடி. சுற்றிப் போனால் ஊர் முழுக்க. அவர் சுற்றித்தான் போனார். ஒவ்வொரு கிராம்புப் பாயிலும் பேச்சு நின்றது. 'பாரு, மச்சானைத் தள்ளிவைக்கப் போறாரு, பாவம் மனுஷன்' என்று அவருக்காக இரக்கப்பட்டார்கள். அந்த இரக்கம்தான் செருப்படிபோல் விழுந்தது.

பெலிப்புஸ் காலை ஒரு பெட்டிமேல் தூக்கிவைத்துப் படுத்திருந்தான்.

"வாங்க அத்தான். எந்திரிக்க முடியல, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க புத்தகத்துல எழுதிக்கோங்க, நாளைக்கு நான் திருவிருந்துக்கு வரல."

"நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலியே மச்சான்."

"கேக்கவேண்டாம். நீங்க மரத்துமேல இருந்ததை நான் பார்த்தேன்."

மூப்பருக்கு உட்கார நாற்காலி கிடைத்தது ஆண்டவர் செயல்.

"படகுக்குத் தார் பூசிக்கிட்டிருந்தேன். 'மாண்புமிகு'ன்னு ஒரு சத்தம். அடேயப்பா, அத்தான் நமக்கா இந்த மரியாதை குடுக்குறாருன்னு நிமிர்ந்தேன். பார்த்தா நீங்க அருவாளை ஓங்குறீங்க. 'அத்தான், சாசி!'ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அப்படியே முழுங்கிட்டேன்."

"ஏன்டா முழுங்குன? ஒரு குரல் குடுத்திருந்தா…"

"அறுக்கட்டும்னுதான். என்னைக் கள்ளன்னு நெனச்சுக் கட்டுன கட்டு, அவரு கையாலயே அறுபடட்டும்னு பார்த்துக்கிட்டே நின்னேன். சிரிச்சேன் அத்தான். ராத்திரி சோறு திங்கும்போதுகூடச் சிரிச்சேன். விடிஞ்சதும் அந்தச் சிரிப்போடவே கடல்ல இறங்கினேன், முள்ளு ஏறிடுச்சு." காலைப் பார்த்தான். "ஊரு சொல்றது தப்பில்ல. சாசிதான் புடிச்சிருக்கு. நான் தொடல. ஆனா ஒரு மனுஷன் விழுறதைப் பார்த்து சந்தோஷப்பட்டேன். அது தேங்காயைத் திருடினதைவிட மோசமில்லியா?"

"ஊரு உன்னைக் கள்ளன்னு சொல்லுதேடா. அறுத்தது அத்தான்தான்னு ஒரு வார்த்தை நீ சொல்லியிருக்கலாமே?"

"சொல்லலாம். அக்கா முகம் ஞாபகம் வந்துச்சு. அப்புறம், நீங்க வெளிய போயிட்டா இருநூறு பேருக்கு அப்பம் குடுக்க ஒழுங்கா யாரு இருக்கா? நான் போனா ஒரு பெஞ்சுதான் காலி."

மூப்பர் புத்தகத்தைத் திறந்தார். மனத்தாங்கல் உண்டா, இல்லையா என்று கட்டம் போட்ட பக்கம். அந்தக் கட்டத்தைப் போட்டதே அவர்தான். பேனா ஊன்றின இடத்தில் ஒரு பெரிய மைப்புள்ளிதான் விழுந்தது. முதுகு குலுங்க ஆரம்பித்தது. பெலிப்புஸின் பிள்ளைகள் கதவோரம் வந்து எட்டிப்பார்த்தன.

"போங்கடா, மாமாவுக்கு மிளகாய்க் காரம் கண்ணுல பட்டிருச்சு," என்று அவர்களை விரட்டினான் பெலிப்புஸ்.

"மன்னிச்சிரு மச்சான்."

"நீங்களும் மன்னிச்சிருங்க. மூக்கைத் துடைங்க. புத்தகம் நனையுது."

மூப்பர் நான்கு பக்கத்துக்கு ஒரு அறிக்கை எழுதிக்கொண்டுதான் ஞாயிறு கோயிலுக்குப் போனார். முன்னுரை, காரணங்கள், சூழ்நிலை எல்லாம் அதில் இருந்தன. அறிவிப்பு நேரத்தில் எழுந்து முன்னால் வந்தார். நீள மேசைகளில் வெள்ளைத் துணி விரித்து, அப்பமும் கிண்ணங்களும் மூடியிருந்தன. ஜனங்கள் வழக்கம்போல் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். பத்சேபா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள். மூப்பர் தாளைப் பார்த்தார். முதல் வரி 'தவிர்க்கமுடியாத பணிச்சுமையின் காரணமாக' என்று இருந்தது. தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"புதன்கிழமை குடிச்ச இளநீரு என் தோப்புது. சாசியை அறுத்தது நான்தான். பெலிப்புஸ் இல்ல."

அவ்வளவுதான். சபை இன்னும் முன்னுரை என்றே நினைத்துக் காத்திருந்தது. புரிந்ததும் உபசரிப்புக் கமிட்டியில் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்கள். யாரோ விக்கினார்கள். பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி, பெஞ்சு பெஞ்சாகத் தாவி, முன்வரிசை வரை வந்தது. மூப்பர் அதை நின்று வாங்கிக்கொண்டார். முகம் எரிந்தது, நகரவில்லை.

ஆதிரியானா அம்மாள் சிரிக்கவில்லை. "நான் ரெண்டு குடிச்சேன்," என்றார். "எங்கேயிருந்து வந்துச்சுன்னு ஒரு வார்த்தை நானும் கேக்கல. தாகத்துல ருசிதான் தெரிஞ்சுது." மேசையின் பக்கம் திரும்பினார். "தெரியாம குடிச்சவங்களுக்காக இங்கேயே ஜெபிப்போம், நானும் சேர்ந்துதான். மூப்பரே, நீங்க பொய்யும் சொன்னீங்க, இன்னொருத்தர் மேல பழி விழுறதைப் பார்த்துக்கிட்டும் இருந்தீங்க. இந்தத் தடவை மேசைக்கு வரவேண்டாம். அடுத்த விருந்துக்கு உங்களை நானே வந்து கூப்பிடுறேன்."

"சரிம்மா," என்றார் மூப்பர். அவர் வாயிலிருந்து அந்தக் கோயிலில் வந்த பேச்சுக்களில் அதுதான் ஆகக் குட்டி.

பெலிப்புஸ் பெஞ்சைப் பிடித்து ஒற்றைக் காலில் எழுந்து, "அம்மா, எனக்கும் ஒரு பங்கு இருக்கு," என்று ஆரம்பித்தான்.

"நீங்க எங்கிட்ட காலையிலயே சொல்லிட்டீங்க. மூப்பர்கிட்டயும் சொல்லிட்டீங்க. வாங்க."

இரண்டு பேர் தோள்கொடுத்து அவனை மேசைக்குக் கொண்டுபோனார்கள். அதில் ஒரு தோள் பத்சேபாவின் புருஷனுடையது. பத்சேபா நெருங்கி உட்கார்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.

மூப்பர் கடைசிப் பெஞ்சுக்கு நடந்தார். அந்தக் கோயிலில் அவருக்கு முன்வாசலும் பக்கவாசலும் தெரியும். கடைசிப் பெஞ்சிலிருந்து பார்த்தால் எல்லாம் எப்படி இருக்கும் என்று தெரியாது. யாகோமினா பின்னாலேயே வந்து நின்றாள்.

"நீ போ," என்றார்.

"போகத்தான் போறேன். எனக்கும் பசிக்குது. தம்பிமேல ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டதை வேற ஆண்டவர்கிட்ட சொல்லணும்." அவர் தோளில் விழுந்திருந்த ஒரு கிராம்புக் காம்பை எடுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

அவர் தனியாக உட்கார்ந்தார். முதுகுகள் தெரிந்தன. இருநூறு முதுகுகள், ஒவ்வொன்றும் அவருக்கு நன்றாகத் தெரிந்தவை, மேசையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. அவர் குனிந்தார். 'பரம பிதா', 'நல்ல வேளை', 'கூடிவந்திருக்கிற' என்று எதுவும் வரவில்லை. பிறகு, அடுத்த வீட்டுக்காரன் வாசலில் தயங்கித் தயங்கி நிற்பவன்போல், "டொமிங்குஸ் வந்திருக்கேன்," என்றார்.

படக்கென்று விளக்குகள் அணைந்தன. மைக் செத்தது. வெளியே ஜெனரேட்டர் இருமி ஓய்ந்தது. கோயிலில் மணியடிக்கிற 'கோயில்குட்டி' யோசியாஸ், அறுபது வயது ஆள், பெஞ்சுகளுக்கு இடையில் குனிந்து ஓடிவந்து அவர் காதில் கிசுகிசுத்தான்.

"மூப்பரே, நின்னுபோச்சு! உங்களைத் தவிர எவனுக்கும் அது மசியாதே. அம்மா குரல் பின்னாடி கேக்கல. எந்திரிங்க, சீக்கிரம்!"

மூப்பரின் கால்கள் அவரைக் கேட்காமலே பாதி எழுந்துவிட்டன. கோயிலில் ஒரு குச்சி விழுந்தாலும் எழுந்து பழகின கால்கள். அவர் பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, அவற்றை மறுபடி உட்காரவைத்தார்.

"யோசியாஸ், கயித்தை நாலு தரம் இழு. நாலாவது தரம் திட்டாம இழு, புடிக்கும். புடிக்கலன்னா விடு, இன்னிக்கு அம்மா கொஞ்சம் சத்தமா பேசட்டும்."

"நீங்க வந்தா ஒரு நிமிஷ வேலை!"

"வர முடியாதுப்பா," என்றார் மூப்பர், கண்ணை மூடிக்கொண்டே. "ஒருத்தர்கிட்ட இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்கேன். பாதியில எந்திரிச்சுப் போனா நல்லா இருக்காது."